நடுமரம் இல்லாத கட்டுமரம்

மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆனி மாதத்தில், முல்லைத்தீவுக் கரையில் எஞ்சின் படகுகள் மணலில் படுத்துக் கிடந்தன. செல்வநாயகத்தின் வலையோ நடுக்கடலில் கிடந்தது. எஞ்சினில் போய் விரித்துவிட்டு வந்தவனுக்கு, எடுத்துவர எண்ணெய் இல்லை. அன்று பொழுதுபட இழுவைப் படகுகள் வரும் நாள். அவை உழுதுவிட்டுப் போன இடத்தில் வலை மிஞ்சாது, கயிற்றுத் துண்டுதான் மிதக்கும். இருந்ததோ அந்த ஒரே வலை. அதுவும் போனால் வீட்டில் உலை ஏறாது.

கரையில் மூன்று மரம் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னக் கட்டுமரம் கிடந்தது. அதன் ஆமை வேகத்துக்குப் போய்ச்சேர இருட்டிவிடும்.

"நடுமரத்தைக் கழட்டுவம்," என்றான் செல்வநாயகம்.

"உங்களுக்கென்ன விசரே அத்தான்?" என்றான் சுமன். மனைவி விமலேஸ்வரியின் தம்பி.

"ரெண்டு பக்க மரமும் போதும். தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு ஓடும்."

அந்தரப்பட்டு நிற்பவனுக்கு யார் புத்தி சொல்வது? இரண்டு மரங்களையும் அகலமாக விலக்கி, குறுக்கே மூங்கில் வைத்து வரிந்து கட்டினார்கள். பாய்மரத்தை உயர்த்தி, போர்க்காலத்து அகதி முகாமில் கூரைக்குக் கொடுத்த பழைய தறப்பாளைப் பாயோடு சேர்த்துத் தைத்தார்கள்.

ஓடியது. அம்மாளாச்சி அறிய, அப்படி ஓடியது! போகவும் வரவும் தோதான பக்கக் காற்று. செல்வநாயகம் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். வெயில் தணியுமுன் வலையைப் பிடித்துவிட்டார்கள்.

ஆனால் ஈரவலை ஏற ஏற மரங்கள் அமிழ்ந்தன. தண்ணீர் முழங்கால் வரை வந்தது. வேகம் வேகம் என்று பறந்தவன், பாரத்தைத் தாங்கியது நடுமரம் என்பதை யோசிக்கவேயில்லை. தொலைவில் இழுவைப் படகுகள் கறுப்பாகத் தெரியத் தொடங்கின.

"வலையில அரைவாசியை வெட்டிவிடுவம் அத்தான்."

"வெட்டினால் உன்ர கையை வெட்டுவன்!"

சொன்னவன் வலையோடு வந்த ஒரு பெரிய மிதவையை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தான். மரங்கள் கொஞ்சம் மேலெழும்பின.

"கரையில போட்டிட்டு வந்து என்னை ஏத்து."

"மாட்டன்!"

"போடா! உன்ர மருமக்களின்ர சோறடா அது!"

சுமன் அழுதுகொண்டே பாயை இழுத்துக் கட்டினான். கட்டுமரம் தள்ளாடித் தள்ளாடிப் போனது. கடலில் தனியே மிதந்தவனின் காதில் இழுவைப் படகின் இரைச்சல் விழுந்தது. வாய்விட்டு அழுதான். கேட்பதற்குத்தான் யாருமில்லை.

அப்போது தூரத்தில் பாய் திரும்பியது. கட்டுமரத்திலிருந்து என்னவோ கறுப்பாகக் கடலுக்குள் சரிந்தது. இன்னும் சரிந்தது. அது என்னவென்று விளங்கச் செல்வநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"டேய், போடாதை! போடாதையடா!"

தொண்டை கிழியக் கத்தினான். வாய்க்குள் உப்புத்தண்ணீர்தான் போனது. பாரமிறங்கிய கட்டுமரம் அவனை நோக்கிப் பாய்ந்து வந்தது.

சுமன் அவனைத் தலைமயிரில் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். ஏறியதும் ஏறாததுமாகச் செல்வநாயகம் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"வலை எங்கையடா?"

சுமன் கன்னத்தைத் தடவவுமில்லை. பாயைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"அக்கா கரையில நிக்கிறா," என்றான். "அவாவின்ர கையில வலையைக் குடுத்திட்டு, உங்களை எங்கையெண்டு சொல்லுறது?"