இரண்டு முறம் மண்

1984ஆம் ஆண்டு ஆனி மாதம் முழுவதும் கரடியூரில் வெள்ளையன் வீட்டு வாசலில் இரண்டு முறம் அகலத்துக்கு மட்டும் இரவு ஒன்றேகால் மணி வரை வெயில் அடித்தது. காலையில் ஊர் முழுக்க விடிந்த பிறகும் அந்த இரண்டு இடங்களில் எட்டே முக்கால் வரை இருட்டு அசையாமல் கிடந்தது. வெள்ளையனின் மனைவி காளியாயி முதல் வாரம் அதை வேடிக்கை பார்த்தாள். இரண்டாம் வாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ராகியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். அந்த மாதம் வீட்டில் மண்ணெண்ணெய் அரை லிட்டர் மீந்தது.

வெயிலுக்குக் காரணம் மண். மேற்கு ஜெர்மனியிலிருந்து இரண்டு தகர டப்பாக்களில் அது ஏற்காடு தபாலாபீசுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கரடியூர் சேர்ந்திருந்தது. அனுப்பியவள் அவர்களுடைய ஒரே மகள் ராசாத்தி. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்து, சேலத்தில் நர்ஸ் படிப்பை முடித்து, 1976இல் அந்த நாட்டின் ஒரு சிறு ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவள். மூன்று வருடம் கழித்து வந்து, சேலத்தில் லேத் பட்டறையில் இருந்த மாதேஸ்வரனைக் கட்டிக்கொண்டு அவனையும் அழைத்துப் போனாள். ஐந்து வருடமாக இருவரும் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தை இல்லை. வீட்டுக்காரர் தன் மகன் குடிவரப் போவதாகவும் அடுத்த மார்ச்சுக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஊருக்குள் ஒரு கிழவி தன் நூறு வருடத்து வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகவிருந்தாள். ஊருக்கு வெளியே புல்வெளியில் மனை போட்டிருந்தார்கள், அதில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். வாங்குவதா, கட்டுவதா என்று ராசாத்தி அப்பாவைக் கேட்டு எழுதினாள்.

வெள்ளையனுக்கு மூன்றாவதாக ஒரு விடை இருந்தது. வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகள் முடியும் இடத்தில், நாலு கட்டில் போடும் அளவுக்குத் தட்டையான பாறை ஒன்று உண்டு. ராசாத்தி பிறந்த வருடமே அதை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டார். மாடு கட்ட இடம் போதாத வருடங்களில்கூட அதன்மேல் ஒரு முளை அடிக்கவிடவில்லை. ஆனால் கடிதத்தில் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது, இரண்டு இடத்து மண்ணையும் அனுப்பு என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதியவர் எஸ்டேட் ரைட்டர் பொன்னுவேல். “ஏனுங்க வெள்ளையா, ஊட்டுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி மண்ணு பாக்கறீங்களே, சாதகமும் அனுப்பச் சொல்லட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே அவர் விலாசம் எழுதினார்.

புல்வெளி மண்ணை வாசலின் இடப்பக்கமும் கிழவி வீட்டு நடைபாதை மண்ணை வலப்பக்கமும் கொட்டிப் பரப்பினார்கள். அன்று மாலை கரடியூரில் பொழுது இறங்கியது, அந்த இரண்டு இடங்களில் இறங்கவில்லை. மறுநாள் வலப்பக்க மண்ணில் ஒரு தேய்ந்த பூட்சின் தடமும் அதையொட்டி ஒரு ஊன்றுகோலின் குழியும் தென்பட்டன. கிழவி கடைக்குப் போய்வருகிறாள் என்று காளியாயி சொன்னாள். அது சரிதான் என்று மகளின் அடுத்த கடிதத்தில் தெரிந்தது.

மலையில் மண்ணைச் சோதிக்க ஒரே வழிதான்: விதைத்துப் பார்ப்பது. வெள்ளையன் இரண்டிலும் சாமை தூவினார். காளியாயி உள்ளே போய் விதைப்பானைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏனுங்க, அடிப்பானையில கெடந்த மூணு வருசத்து வெதையவா போட்டீங்க?”

“மண்ணு நல்லதா இருந்தா எந்த வெதையும் மொளைக்கும்.”

“ரெண்டும் மொளைக்காம போயிட்டா அவ பொட்டியக் கட்டிட்டு இங்க வந்துருவான்னு பாக்கறீங்க.”

அவர் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் புல்வெளி மண்ணில் அந்த மூன்று வருடத்து விதை முளைத்தது. ஆவணி முடிவதற்குள் இடுப்பு உயரம் வந்து, கதிர் கனத்துத் தலை சாய்ந்தது. கரடியூரில் யாரும் அப்படியொரு சாமையைப் பார்த்ததில்லை. கிழவி வீட்டு மண்ணில் ஒன்றும் வரவில்லை. வெள்ளையன் இப்போது நல்ல விதையாக எடுத்து மறுபடி தூவினார், பிறகு இன்னொரு முறையும். மூன்றும் மக்கிப்போயின. பூட்ஸ் தடம் மட்டும் நாள் தவறாமல் போய்வந்தது.

காளியாயிக்கு இதற்குமேல் யோசிக்க ஏதுமில்லை. அஞ்சு வருசமா வயித்துல ஒண்ணும் தங்காத புள்ளையை ஒரு விதை முளைக்காத மண்ணில் குடிவைப்பதா என்று கேட்டாள். புல்வெளியில் கட்டச் சொல்லி அன்றே எழுத வேண்டும் என்றாள். வெள்ளையன் கதிரைக் கையில் கசக்கி ஊதிப் பார்த்தார், ஒரு பதர் இல்லை. பிறகு இரண்டு மாதம் அவர் பதில் எழுதவில்லை. தினமும் காலையில் மேட்டில் ஏறி நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கினார். அங்கிருந்து பார்த்தால் கரடியூரின் எல்லா வீடுகளும் தெரியும். ஒன்றுகூட நல்ல மண்ணில் இல்லை. எல்லாம் பாறையிலும் சுக்கான்கல் மேட்டிலும் ஒண்டிக்கொண்டிருந்தன. விளைகிற நிலத்தில் ஒரு முழம்கூட யாரும் சுவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பொன்னுவேலிடம் போய், எழுதுங்க என்றார்.

“கண்ணு, வெளையற மண்ணு மேல ஊடு கட்டாதே. அது சோறு போடற எடம். கெழவி ஊட்டையே வாங்கிக்கோ. ஒண்ணும் மொளைக்காத மண்ணுலதான் நாமெல்லாம் குடியிருக்கோம். நீயும் அப்படித்தான் பொறந்தே.”

“இந்த நாலு வரிக்கு ரெண்டு மாசமுங்களா?” என்றார் பொன்னுவேல்.

“அவ இனி வரமாட்டான்னு எழுதறதுக்கு ரெண்டு மாசம் ஆகாதுங்களா, ரைட்டரே?”

பொன்னுவேல் உறையை ஒட்டினார். காளியாயி அன்றிலிருந்து வெள்ளையனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மார்கழியில் இரண்டு இடங்களிலும் வெண்பனி விழுந்தது. ஏற்காட்டு மலையில் மூடுபனி உண்டு, வெண்பனி கிடையாது. அரைச் சாண் உயரத்துக்கு அது அரிசி மாவு போல் நின்றது. வாசல் பெருக்கும்போது காளியாயி அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினாள். தை மாதம் பதினொன்றாம் தேதி பகல் இரண்டரை மணிக்கு ஊன்றுகோல் தடம் தெருவைப் பார்த்துப் போனது, திரும்பவில்லை. சற்று நேரத்தில் அதே பனியில், வலது காலை முன்வைத்து, வெறுங்காலோடு ஒரு தடம் வீட்டைப் பார்த்துப் பதிந்தது. இடது காலில் சுண்டுவிரலின் நுனி இல்லை. எட்டு வயதில் களை எடுக்கும்போது கொத்துப் பட்டுப் போன நுனி அது. காளியாயி குனிந்து பார்த்தாள்.

“செருப்பக் கழட்டிட்டுத்தான் போயிருக்கா. கால் வெறைச்சுப் போயிருக்குமே, சாமி” என்றாள். அதுதான் அவள் கணவனோடு மறுபடி பேசத் தொடங்கிய நாளும்கூட.

அன்று சாயங்காலம் வெள்ளையன் வலப்பக்க மண்ணைப் பனியோடு முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த பாறையின்மேல் பரப்பினார். மறுநாள் தடங்கள் அங்கே பதிந்தன. வேலைக்குப் போகிற தடம், திரும்பி வருகிற தடம், மாதேஸ்வரனின் பெரிய பூட்ஸ். 1986 கோடையில் ராசாத்தியின் தடம் ஆழமாகவும் அகலமாகவும் விழுந்தது. சேதி சொல்லும் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே காளியாயி வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டாள். அடுத்த வருடம் ஒரு சின்னத் தடம், இரண்டு எட்டு வைத்து, உட்கார்ந்த அடையாளத்தோடு நின்றது. புல்வெளியில் வேறு யாரோ வீடு கட்டினார்கள். அதன் பிறகு இடப்பக்க மண்ணில் சாமை வரவில்லை, ஒரு சுவரின் நிழல் மட்டும் விழுந்தது.

1991இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆசிரியை தனலட்சுமி வந்தார். காலை மணி பதினொன்றாகியும் பாறையின்மேல் விடியவில்லை. பனியில் மூன்று பேரின் தடம் இருந்தது.

“இது யாரு ஊடுங்கம்மா?”

“எம்பொண்ணு ஊடுங்க.”

“ஆளுங்க?”

“இனிதான் எந்திரிப்பாங்க, டீச்சர். அங்க இன்னும் ஆறரை மணிதானுங்க.”

தனலட்சுமி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இல்லை. மூன்று பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு, பாறையின் ஓரத்தில் சுண்ணாம்பால் வீட்டு எண்ணை எழுதினார். நாற்பத்து மூன்று. மலையில் பெய்யும் மழைக்கு அது அழியவில்லை. மார்கழியில் மட்டும் பனி சரிந்து அதை மூடும், மாசி கடைசியில் மறுபடி தெரியும்.