அகிலா காலியாக விட்ட கட்டம்

காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் சர்வீஸ் புக் எழுதியவன் நான். பிறந்த தேதி, சொந்த ஊர், அங்க அடையாளம், வாரிசு என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். "பரமசிவம் கைக்கு ஒரு ஃபாரம் போச்சுன்னா ஜாதகமே வந்துரும்" என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். மண்டைக்கனம், வேறென்ன?

2002-இல் ஓய்வு பெற்றதும் டாலிகஞ்சில் எங்கள் தமிழர் மன்றத்துக்குச் செயலாளர் ஆனேன். இருபது வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, மன்றத்துக்கு ஒரு வெப்சைட் போட்டேன். அதில் உறுப்பினர் பட்டியல். பெயர், ஊர், வேலை, விலாசம், போன், ரத்த வகை எல்லாம் உண்டு. எவனாவது ஒரு தமிழன் ஹௌராவில் வந்து இறங்கித் திண்டாடினால், பட்டியலைப் பார்த்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாமே என்பது என் நினைப்பு. யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்பது உறைக்கவில்லை.

அகிலா திருச்சிப் பக்கத்துப் பெண். ஐந்து வயசு மகள் மஹிமாவோடு தனியாக வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். பொங்கல் விழாவில் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தாள். விலாசக் கட்டம் காலி.

"என்னம்மா, விலாசத்த விட்டுட்டியே?"

"அது மட்டும் வேண்டாம் சார். ஊர்லேர்ந்து ஒருத்தர்..."

"அட, ஊர்லேர்ந்து யாரும்மா இவ்வளவு தூரம் வரப்போறா? எல்லாரும் குடுத்திருக்காங்க. நீ மட்டும் என்ன பெரிய சீமாட்டியா?" என்று சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த "ஒருத்தர்" யார் என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? கேட்கவில்லையே!

என் மனைவி சுந்தரி அப்போதே சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கு ஏதோ சங்கடம் இருக்குங்க. அவ குடுக்கலைன்னா விட்டுருங்க."

"ஒரு கட்டம் காலியா இருந்தா பொக்கை வாய் மாதிரி இருக்கும்டி" என்றேன்.

மன்றத்து காலண்டர் கொடுக்க அவள் வீட்டுக்குப் போய் வந்திருந்ததால் விலாசம் எனக்குத் தெரியும். அடித்தேன். வீட்டு எண், சந்து, 'பானர்ஜி வீட்டு மாடி' என்பது வரைக்கும் அடித்தேன். பட்டியல் பூர்த்தியானது. அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு போன். பதவிசான குரல்.

"சார், உங்க வெப்சைட் பிரமாதம். நான் அகிலாவோட அண்ணன் பேசறேன். பூஜை லீவுல சொல்லாம வந்து நிக்கலாம்னு இருக்கேன். வழி மட்டும் சொன்னீங்கன்னா..."

பிரமாதம் என்ற வார்த்தையிலேயே குளிர்ந்துவிட்டேன். மெட்ரோவில் இறங்கி எந்த ஆட்டோவில் ஏறுவது, எந்த மிட்டாய்க் கடையில் திரும்புவது என்று மூன்று தரம் சொன்னேன். பாவி, மூன்று தரம்!

பூஜையின் சப்தமியன்று பகலில் அவன் வந்தான். அண்ணன் இல்லை, புருஷன். ஒரு தடவை அடித்து அவள் கையை முறித்தவன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியதால்தான் அவள் கல்கத்தா வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். பேட்டையின் பூஜைப் பந்தலில் ஆடப்போகிற நடனத்தை மஹிமா வீட்டு வாசலில் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் கையைப் பிடித்து ஆட்டோ பக்கம் இழுத்திருக்கிறான். குழந்தை போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மா ஓடி வந்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று பெங்காலியில் அலற, பந்தல்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். திமிறிக்கொண்டு ஓடியவன், "வீடு தெரிஞ்சு போச்சுடி, இனிமே எத்தன தடவ வேணா வருவேன்" என்று கத்தினானாம்.

சாயங்காலம் அகிலா ஒரு பெட்டியும் குழந்தையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் இத்தனையும் எனக்குத் தெரிந்தது. நடனத்துக்காகப் பூசிய ஆல்தாச் சிவப்பு குழந்தையின் பாதத்தில் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் விரல் தடம். சுந்தரி சோறு பிசைந்து ஊட்டினாள். குழந்தை ஒவ்வொரு வாய்க்கும் கதவைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் கேட்டேனே சார்" என்றாள் அகிலா.

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆகவிருந்தது. அதையும் விட்டுவிட்டு மறுநாளே ரயில் ஏறிவிட்டாள். சுந்தரிதான் ஹௌராவுக்குக் கூடப் போனாள். நானும் செருப்பை மாட்டினேன். "நீங்க வேண்டாம்" என்றாள் சுந்தரி.

பட்டியலை அன்றே அழித்தேன். அழித்தால் போச்சா? அகில இந்தியத் தமிழர் விவரம் என்று எவனோ நடத்திய வெப்சைட், எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. எடுத்தபோது ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவனும் நான்தான். பதினோரு மெயில் எழுதிவிட்டேன், பதில் இல்லை. ஐந்து வருஷம் ஆயிற்று. அவள் பெயரைத் தேடினால் அந்த வரி இன்னமும் வருகிறது. பானர்ஜி வீட்டு மாடி. கீழே, தொகுப்பு: பரமசிவம்.

போன மாதம் அதே பதவிசான குரல் மறுபடியும் போனில் வந்தது.

"சார், அகிலா இப்ப எந்த ஊர்ல இருக்கு?"

"தெரியாது" என்று சொல்லி போனை வைத்தேன்.

பொய் இல்லை. எனக்குத் தெரியாது. சுந்தரிக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு தரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது டெலிபோன் பூத்திலிருந்து அகிலாவோடு பேசுகிறாள். வீட்டில் போன் இருக்க எதற்குக் காசைக் கொட்டுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "பில்லுல நம்பர் வரும்ல" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் போனை நான் வைத்ததுமே, "போன்ல யாரு?" என்று சுந்தரி கேட்டாள். சொன்னேன். போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"மஹிமா எப்படி இருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்கா. டான்ஸ் கிளாஸுக்குப் போறா."

"எந்த ஊர்னு என்கிட்ட சொல்லிராத, சுந்தரி."

"நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.