இரண்டாவது மேசை

டிவி நிலையத்தின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஃபிளாஸ்க் நிற்கிறது. கசிந்த பாவத்துக்குக் குப்பைக்குப் போகாமல், கசிந்த புண்ணியத்துக்குக் கண்ணாடிக்குள் போன ஃபிளாஸ்க் அது. கீழே ஒரு பலகை: ‘இது சாய்ந்தது. நாங்கள் நிமிர்ந்தோம்.’

அண்ணி அந்தப் பெட்டியைக் கடந்துதான் தினமும் உள்ளே போவாள். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவரின் தங்கை கூப்பிட்டதில் தொடங்கி, கேமராக்காரர், வேன் ஓட்டுநர், போனில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் என்று எல்லோரிடமும் அது ஒட்டிக்கொண்டது. போன வாரம் சேர்ந்த காவலாளிக்கும் அவள் அண்ணி. அந்தத் தங்கையோ, தலை முழுக்க நரைத்த பிறகும் வீட்டுக்குப் பாப்பா, ஊருக்கு ‘டிவி அக்கா’.

நிலையம் தொடங்கிய கதை ஊருக்கே தெரியும். அண்ணியின் கணவருக்கு வீட்டுச் சாமான் கடை. விற்காத சரக்கு மாடி வரை ஏறி, மனிதர் நடக்க வழியில்லாமல் நின்றபோது, கேபிள் டிவி நடத்திய நண்பர் ஒருவர், “ஒரு சேனல் சும்மா கிடக்கு, வேணுமா?” என்று கேட்டார். “சும்மா கிடக்கிற சேனல்ல சும்மா கிடக்கிற சாமானைக் காட்டுவோம்” என்றார் இவர். மாடியில் பெட்டிகளை ஓரம் தள்ளினார்கள். விசேஷங்களுக்குப் படம் எடுப்பவரிடமிருந்து இரண்டு கேமராக்கள் வாடகைக்கு வந்தன.

பேசுவதற்குப் பாப்பா. பாப்பா பேசினால் கல்லும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும். ஆனால் அவள் கையில் எதுவும் நிற்காது. ஒத்திகையிலேயே கண்ணாடிக் கிண்ணங்களை உடைத்து, மிக்ஸி மூடியை எதிர்ச்சுவருக்கு அனுப்பினாள். அண்ணிக்கு நேர்மாறு. கை சொன்னபடி கேட்கும். கேமராவைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் தேறும்” என்றார் கணவர்.

அப்படித்தான் இரண்டாவது மேசை வந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பாப்பாவின் முகம், குரல். அந்தப் பக்கம் அண்ணியின் கைகள் மட்டும். ஒரே துணியில் இரண்டு சட்டை, ஒரே மாதிரி இரண்டு கைக்கடிகாரம். கடிகாரங்கள் இரண்டும் ஒரே மணி காட்ட வேண்டும். இல்லாவிட்டால், முகத்துக்கு ஒரு நேரம் கைக்கு ஒரு நேரம் என்று யாராவது போன் செய்துவிடுவார்கள். பாப்பா “திருகுங்க” என்றால் கை திருகும். “ஊத்துங்க” என்றால் ஊற்றும். சந்தையில் பெண்கள் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு, “உங்க கை என்ன லட்சணம், அதை ஒரு தடவை காட்டுங்களேன்” என்பார்கள். பாப்பா கைகளைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடி வந்து அண்ணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அண்ணியும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கையைக் கழுவப் போகும்போது, குழாயடியில் சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், வேறு யாருடையதையோ பார்ப்பது போல.

பிறகு அந்த ஃபிளாஸ்க் நாள்.

கணவர் ஃபிளாஸ்க்குகளைப் பெரிய சரக்காக இறக்கியிருந்தார். காலையில் ஒன்றைச் சாய்த்துச் சோதித்துப் பார்த்தபோது அண்ணியின் மணிக்கட்டில் வெந்நீர் வழிந்தது. கீழே கடைக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள்.

“நேரா வச்சே காட்டு. ஊத்தினா ஆவி பறக்குதா, அது போதும். எவன் ஃபிளாஸ்க்கைப் படுக்க வைக்கப் போறான்?”

“பைக்குள்ள போட்டு மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போறவங்க இருக்காங்களே. மடியில பிள்ளையும் இருக்கும்.”

“உனக்குக் கை வேலை. வாய் வேலையைப் பாப்பா பாத்துக்குவா.”

நிகழ்ச்சி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. தடுப்புக்கு அப்பால் பாப்பாவின் குரல், “ஒரு சொட்டுகூட...” என்று ஏறியது. வெள்ளைத் துணியின்மேல் அண்ணி ஃபிளாஸ்க்கைப் படுக்க வைத்தாள். ஈரம் பரவியது. குரல் நின்றது. அந்த மௌனத்தில் அண்ணிக்குத் தன் இதயம் மைக்கில் கேட்டுவிடுமோ என்றிருந்தது. பிறகு பாப்பா சொன்னாள்: “கசியுது. நானே பாத்துட்டேன். மூடியை மாத்திக் குடுக்கிற வரைக்கும் இதை வாங்காதீங்க.”

கணவர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். பாப்பா முன்னால் போய் நின்றுகொண்டாள். “நான்தான் சாய்க்கச் சொன்னேன். வாய் சொன்னா கை செய்யும், அண்ணி என்ன பண்ணுவாங்க?” தங்கையைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்காது, போன்கள் அடிக்கத் தொடங்கியிருந்தன. நாளைக்கு என்ன காட்டுவீர்கள் என்று கேட்டது ஊர். குறையை அவர்களே சொல்லிவிடுகிறார்கள், இனி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றது. அன்றிலிருந்து எந்தப் பொருளானாலும் முதலில் குறை, பிறகு விலை என்பது நிலையத்தின் சட்டமாயிற்று. மாடி கட்டிடமாயிற்று. சாமான் கொண்டுபோய்க் கொடுத்த ஒற்றைச் சைக்கிள், வேன்கள் ஆயிற்று.

பழியை ஏற்றுக்கொண்டவளிடமிருந்து புகழை எப்படிப் பிடுங்குவது? அண்ணி பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது நிலையத்தை நடத்துவது அண்ணியின் மகள். ஆண்டு விழாவுக்கு நிலையத்தின் வரலாற்றை நேரலையில் காட்டப் போகிறாள். பழைய டேப்புகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து எல்லாம் அழிந்துவிட்டதால், ஃபிளாஸ்க் காட்சியை மறுபடி நடித்துக்காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

“அத்தை ஒரு நொடி யோசிச்சாங்க. ‘சாய்ங்க’ன்னு சொன்னாங்க. அம்மாவோட கை சாய்ச்சது. எப்படிம்மா? உன்னையும் விடல பாத்தியா?”

“நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னு சொல்ற மூஞ்சியா இது?”

“இந்த மூஞ்சியை எப்ப பாத்தே நீ? டிவியில வந்ததே இல்லையே” என்று சொல்லிவிட்டு அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று அவளால் வேறு வேலையில் மனதை வைக்க முடியவில்லை. கையை எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் அவளுக்கு வேண்டியது கை அல்ல. அந்த நொடி. அது அவளுடையது. மடியில் பிள்ளையோடு பஸ்ஸில் போகும் முகம் தெரியாத ஒருத்திக்காகச் சாய்த்தாளா, ‘உனக்குக் கை வேலை’ என்ற சொல்லுக்காகச் சாய்த்தாளா என்று அவளே பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறாள். பாதி இரக்கம், பாதி ரோஷம் என்றுதான் கணக்கு வந்தது. எந்தப் பாதியானாலும் யாரும் சொல்லி வந்ததில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்லுக்கு அசைந்த கை, ஒரே ஒருமுறை தானாக அசைந்தது. அதன்மேல்தான் இத்தனை பெரிய கட்டிடம் நிற்கிறது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்றால், அந்த இரண்டு பேரும் போன பிறகு?

விழா நாளில் மகள் ஒரே துணியில் தைத்த இரண்டு நீலச் சட்டைகளைத் தயாராக வைத்திருந்தாள். அண்ணி தன் மஞ்சள் சட்டையிலேயே, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த ஃபிளாஸ்க்கோடு, இரண்டாவது மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். காதில் மாட்டியிருந்த கருவியில் மகளின் குரல் வெடித்தது.

“அம்மா! நீலச் சட்டை எங்க?”

“ஹாங்கர்ல.”

“ரெண்டு பேருன்னு பளிச்சுனு தெரியுது!”

“ரெண்டு பேர்தானே?”

“அன்னைக்கு மாதிரியே இருக்க வேண்டாமா?”

“அன்னைக்கு மாதிரிதான் இருக்கும். நீ பாரு.”

நேரலை தொடங்கியது. தடுப்புக்கு அப்பால் பாப்பா பேசினாள். குரலில் வயது ஏறியிருந்தது, வசியம் இறங்கவில்லை. கடை மாடி, வாடகைக் கேமரா, உடைந்த கிண்ணங்கள் எல்லாம் சொல்லி ஃபிளாஸ்க்குக்கு வந்தாள். “ஒரு சொட்டுகூடக் கசியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் ஒரு நொடி யோசிச்சு...”

‘சாய்ங்க’ என்ற சொல் வருவதற்கு முன்பே அண்ணி ஃபிளாஸ்க்கைப் படுக்க வைத்தாள்.

வெள்ளைத் துணியில் ஈரம் பரவியது. குரல் நின்றது, அன்று நின்றதைப் போலவே. அண்ணி காத்திருந்தாள். இந்த முறை இதயம் மைக்கில் கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது.

தடுப்புக்கு அப்பால் பாப்பா சிரித்தாள். சந்தையிலிருந்து ஓடி வந்து சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

“பாத்தீங்களா? அன்னைக்கும் இதேதான் நடந்துச்சு. நான் சாய்க்கவே சொல்லல. நான் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடி எங்க அண்ணி சாய்ச்சுட்டாங்க. எங்கண்ணன்கிட்ட அவங்களுக்குத் திட்டு விழக்கூடாதேன்னு, நான்தான் சொன்னேன்னு ஒரு பொய் சொன்னேன். பொய் என்னமா வித்துச்சு! இந்த நிலையத்துல குறை சொல்லாம வித்த ஒரே சரக்கு அதுதான்.”

கட்டுப்பாட்டு அறையிலிருந்து, காதுக்குள் மகளின் குரல், மெதுவாக: “அம்மா, கையை எடுத்துடாதே. அப்படியே வை.”

திரையில் வேறெதுவும் இல்லை. நனைந்த துணியின்மேல், மஞ்சள் சட்டைக்குள்ளிருந்து வரும் ஒரு கை. புடைத்த நரம்பு, மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. அண்ணி அதைத் திரையில் பார்த்தாள். வேறு யாருடையதைப் போலவும் இல்லை.

வெளியே வந்தபோது கணவர் காலிக் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் தங்கையின் பெருமையைச் சொல்லிச் சொல்லியே வயதானவர்.

“நேரா வைக்கத்தானே சொன்னேன் உன்கிட்ட?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“கை கேக்கல.”

அவர் ஈர ஃபிளாஸ்க்கை அவளிடமிருந்து வாங்கினார். சட்டை நுனியால் துடைத்தார். பெட்டிக்குள் நிற்க வைத்தவர், கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்.