ஒன்றரைக் கட்டை கீழே

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நீ கதை எழுதறவதானே? எனக்கு ஒரு முடிவு வேணும்."

"எதுக்கு அண்ணி?"

"உங்க அண்ணனுக்கு. சனிக்கிழமைக்குள்ள."

விஷயத்தைச் சொன்னார். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினேன். மற்றவர்களாக இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் ஓடிப்போய் ஏதாவது உதவி செய்வார்கள். நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "லிஃப்ட் கூண்டின் மேல் நின்றபடி ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். கீழே நகரம்…" (நகரம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "மனைவியை இழந்த வங்கி அதிகாரி ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் பியானோ…" (ஆளை மறைக்கத்தான் இந்த வேஷம். அண்ணிக்கு அனுப்பினேன். "என்னை எதுக்கு சாகடிச்சே?" என்று பதில் வந்தது.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஹோட்டல் ஒன்றின் லிஃப்டுகளை வெகு காலமாகப் பார்த்துக்கொள்கிறான். தரைத்தளத்தில் கதவு சரியாகத் திறந்து மூடுகிறதா என்று சோதிக்கும்போதெல்லாம் எதிரே லாபியில் ஒரு கறுப்புப் பியானோ தெரியும். திறந்தால் பியானோ, மூடினால் இல்லை. இப்படியே பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, வீட்டுக்கு ஒரு எலக்ட்ரிக் பியானோ வாங்கிவிட்டான்.

அதில் அவனுக்கு வேண்டியது பழைய ராக் பாட்டுகள். தொழில் பழகிய பட்டறையில் டேப் ரெக்கார்டரில் ஓடிய, நீள முடிக்காரர்கள் தொண்டை கிழியப் பாடிய பாட்டுகள். வாசித்தால் மட்டும் போதாதாம், வாசித்துக்கொண்டே பாட வேண்டுமாம். அதிலும் ஒரு பாட்டு.

(பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் மனதுக்குள் அதைப் பாட ஆரம்பித்து என்னைக் கைவிட்டுவிடுவீர்கள்.)

3

வாசித்துக்கொண்டே பாடுவதைப் பற்றி இங்கே ஒரு சின்னக் கட்டுரை வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது கை சீராக நாலு அடி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை அதன் இடுக்கில் புகுந்து மூன்று மூன்று சுரங்களாகச் சேர்த்துத் தட்ட வேண்டும். பாட்டோ இரண்டுக்கும் கட்டுப்படாமல் அரை அடி முன்னாலேயே கிளம்பிவிடும். வீடியோக்களைப் பார்த்து அண்ணன் மூன்றையும் தனித்தனியாகப் பழகிவிட்டான். சேர்த்தால்தான் வம்பு. வாயைத் திறந்தால் கை நின்றது. கையைக் கவனித்தால் வாய் திறந்தபடியே இருந்தது, வார்த்தை வரவில்லை.

அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். அவன் வாசிக்கும்போது சமையலறையிலிருந்து எதையாவது கேட்பார்.

"ஏங்க, மோட்டார் போட்டீங்களா?"

பியானோ நின்றுவிடும். "போட்டேன்."

"நிறுத்தாம சொல்லுங்க."

முதலில் ஆமாம், இல்லை. அப்புறம் முழு வாக்கியங்கள். ஒருநாள் பேச்சு அண்ணியின் தம்பியைப் பற்றித் திரும்பி, இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. காரசாரமான சண்டை. பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. ஓய்ந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: அவன் கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மறுநாளிலிருந்து பாட வந்துவிட்டது.

(இது நான் கட்டியது என்று நினைப்பீர்கள். இவ்வளவு நன்றாக எனக்குக் கட்ட வராது.)

4

பாட வந்ததே தவிர, எட்டவில்லை. அந்தப் பாட்டின் கடைசிப் பல்லவி மேலே மேலே ஏறிப் போகும். அங்கே அண்ணனின் குரல் கீச்சென்று உடைந்தது. திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில். ஒருநாள் பழைய போர்வையை எடுத்துப் பியானோவை மூடிவிட்டான்.

"நமக்கு ஒத்து வராது. நான் லிஃப்டையே பார்த்துக்கறேன்."

"சாப்பிடும்போதெல்லாம் அந்தப் போர்வையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. எனக்குத் தாங்கலை" என்றார் அண்ணி.

தாங்காமல், பியானோ விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் ஒரு பொத்தானைக் காட்டினார். ஒரு தடவை அழுத்தினால் சுருதி அரைக் கட்டை இறங்கும். விரல் அதே இடத்தில்தான் அழுத்தும், சத்தம் மட்டும் கீழே கேட்கும். அண்ணனின் பாஷையில் சொன்னால், பொத்தான் நாலாவது மாடிக்கு, கதவு திறப்பது அதற்குக் கீழே எங்கோ.

அண்ணி போர்வையைத் துவைக்கப் போடுவதாகச் சொல்லி எடுத்தார். "சும்மா ஒரு தடவை வாசிங்களேன்" என்றார். அந்த வாரம் அரைக் கட்டை. அடுத்த வாரம் இன்னொரு அரை. அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

"கண்ணுக்குப் பவர் மாத்தற மாதிரிதான்" என்று எனக்கு விளக்கினார். "ஒரேயடியா மாத்தினா தலை சுத்தும்."

ஸ்விட்சை அணைத்தால் சுருதி பழையபடி ஆகிவிடும். அதனால் தினமும் கடையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய், பியானோவைத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டு, பொத்தானை அழுத்தி வைப்பார். அப்புறம்தான் முகம் கழுவுவார். அண்ணன் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

கடைசிப் பல்லவி எட்டியது. நன்றாகவே எட்டியது. தன் குரல் திறந்துவிட்டதாக அண்ணன் நம்பினான். வெந்நீர் மட்டுமே குடிக்க ஆரம்பித்தான்.

(கூர்மையான வாசகர் கேட்பார்: அசல் பாட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா? நானும் கேட்டேன். "அதை இப்பல்லாம் போடறதே இல்லை. எனக்கே வந்துருச்சு, அது எதுக்குங்கறாரு" என்றார் அண்ணி.)

இதெல்லாம் வீட்டோடு முடிந்திருக்கும். லிஃப்டுக்குள் அவன் முணுமுணுத்ததை ஹோட்டல் மேனேஜர் கேட்டுவிட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் வாங்க, நம்ம பியானோல பாடுங்க" என்றார். 'எங்கள் லிஃப்ட் மெக்கானிக் பாடுகிறார்' என்று வரவேற்பு மேஜையில் அட்டை வைத்தாகிவிட்டது. அண்ணன் புதுச் சட்டை எடுத்திருக்கிறான். எப்போதும் பின்வாசல் வழியாகப் போகிறவன், முதல் தடவையாக முன்வாசல் வழியாகப் போகப் போகிறான்.

அந்தப் பியானோ நிஜப் பியானோ. அதில் பொத்தான் கிடையாது.

5

இந்த இடத்தில் எனக்கு அண்ணி பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஏமாற்றினாரா? ஏமாற்றினார். ஆனால் முகம் கழுவுவதற்கு முன்னால் போய்ப் பொத்தான் அழுத்துகிற ஒருத்தியை நான் என்னவென்று திட்டுவது? எனக்கு அண்ணியை ரொம்பப் பிடிக்கும். கதையின் பலவீனம் அதுதான், வில்லிக்கு ஆள் இல்லை.

முடிவுகளை ஒவ்வொன்றாக அவருக்குப் போனில் சொன்னேன்.

முடிவு அ: சனிக்கிழமை ஹோட்டல் பியானோ பழுதாகிவிடுகிறது. ("அடுத்த சனிக்கிழமை?")

முடிவு ஆ: கடைசிப் பல்லவியில் லாபியில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். ("அவருக்கே எட்டாதது, காபி குடிக்க வந்தவங்களுக்கு எட்டுமா?")

முடிவு இ: கீழ்ச் சுருதியிலேயே வாசிக்க விரல்களைப் புதிதாகப் பழகுகிறான். (புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் சுருதி மாறினால் விரல் போகும் இடமெல்லாம் மாறும். சண்டை போட்டுக்கொண்டே வாசிக்கும் அளவுக்குக் கை பழக மறுபடியும் மாதக்கணக்காகும்.)

முடிவு ஈ: அன்பின் வலிமையால் அவன் குரல்… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

"அவர் தப்பா பாடினா பாடட்டும்" என்றார் அண்ணி. "உலகத்துல எவ்வளவோ பேரு தப்பாத்தான் பாடறாங்க. வீட்டுக்கு வந்து மறுபடியும் போர்வையைப் போட்டு மூடிட்டாருன்னா? அதுக்கு ஒரு முடிவு சொல்லு."

'முடிவு உ' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

"நீங்களே சொல்லிடுங்க அண்ணி."

"மூணு நாளா வாயைத் திறக்கறேன், வேற ஏதோ வருது. நீ எழுதிக் குடு. உன் கதைன்னா படிப்பாரு."

6

இதுவரை எழுதியதை அச்செடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன். இனி வருவது அண்ணன் படிக்காத பகுதி.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அண்ணி சமையலறையில், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மச்சான் சண்டை வந்த இடத்தில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கம் திருப்பினான். சிரிப்பு நின்றுவிட்டது.

என் கதை எதைப் படித்து முடித்தாலும் "நல்லா இருக்கு" என்பான். எந்தப் பத்திரிகையும் தொடாத கதைகளுக்கும் அதே "நல்லா இருக்கு"தான். (எனக்காக அவன் எத்தனை கட்டை இறக்கி வைத்திருந்தான் என்று இப்போதுதான் தோன்றுகிறது. கேட்கத் தைரியமில்லை.) இன்று தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, போய்ப் பியானோ முன்னால் உட்கார்ந்தான். அது தயாராக இருந்தது. பொத்தானுக்கு மேலிருந்த சின்னத் திரையில் கழித்தல் குறியோடு ஒரு மூன்று.

"சத்தத்துக்கான நம்பர்னு நினைச்சேன்" என்றான் யாரிடமோ. அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்க வா" என்றான்.

அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றார். 'ஏன் என்கிட்ட சொல்லலை' என்று அவன் கத்துவான், அதற்கு அண்ணி அழுவார் என்று நான் வசனமே எழுதி வைத்திருந்தேன். அவன் கேட்டது அது இல்லை.

"இறக்கி வச்சியே, அப்ப நான் பாடினது நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"பாவம்னு சொல்றியா?"

"பாவம்னா ஒரு தடவை கேட்டிருப்பேன். தினமும் அடுப்பை அணைச்சுட்டு வந்து எதுக்கு உட்கார்ந்தேன்?"

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, என் அண்ணன், என் அண்ணி.

பிறகு அவன் பொத்தானை மேல்பக்கம் அழுத்தினான். மூன்று, இரண்டானது. ஒன்றானது. பூஜ்யம்.

"அண்ணா, மேனேஜர்கிட்ட நான் வேணா பேசட்டுமா? வேற ஒரு நாள்…"

"அட்டை வச்சாச்சு" என்றான்.

அண்ணி அவசரமாக ஜன்னலைச் சாத்தப் போனார். எதிர்வீட்டில் ஆட்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"விடு. தொறந்தே இருக்கட்டும்."

வாசிக்க ஆரம்பித்தான். அண்ணி ஜன்னலை விட்டுவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் இறங்கியும் அவன் குரல் கூடவே வந்தது. ஆரம்ப வரிகள் எப்போதும் பிரச்சினை இல்லை. இரண்டாவது சரணமும் தாண்டிவிட்டது. அடுத்தது கடைசிப் பல்லவி. எழுத்தாளர் என்றால் அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். தங்கை என்பதால் வேகமாக நடந்தேன். முனை திரும்பிவிட்டால் பஸ் இரைச்சலில் எதுவும் கேட்காது.

நீங்கள் வேண்டுமானால் நில்லுங்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.