தகரச் சுவரில் விழுந்த வெயில்

அந்த அலுவலகத்தில் அவனுக்கு ‘அறுபது’ என்றுதான் பெயர். திரையில் நொடிக்கு அறுபது படங்கள் ஓடாவிட்டால் சோறு இறங்காத ஆள். அங்கே தயாராகும் துப்பாக்கி விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை. அந்த விளையாட்டில் வெளிச்சம் விழுவதற்கான நிரல் முழுவதையும் எழுதியவள் அவனுடைய சொந்த அக்கா. கூடப் பிறந்தவளாயிற்றே என்று ஒரு படத்தைக்கூட விட்டுக்கொடுத்தவன் இல்லை அவன்.

வம்பெல்லாம் மூன்றாம் கட்டத்தில் வரும் கிடங்கில்தான். தகரச் சுவரில் குண்டு பட்டால் ஓட்டை விழும். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் உள்ளே பாயும். அந்த வெயிலில் தூசி மிதக்கும். சும்மா சொல்லக் கூடாது, அற்புதமான வேலை. இரண்டு வருட உழைப்பு. ஆனால் சாதாரணக் கம்ப்யூட்டரில், எதிரிகள் பன்னிரண்டு பேரும் நுழைந்து சுட ஆரம்பித்தால் அறுபது பத்தொன்பதாகிவிடும். ஆட்டம் நொண்டியடிக்கும். அன்று மாலை நாலு மணிக்குள் சரியாகாவிட்டால் வெளிச்சத்தையே எடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

“நான் திரும்பறதுக்குள்ள செத்துப்போறேன்க்கா,” என்றான், திரையில் சுடப்பட்டு விழுந்து கிடந்த தன் ஆளைக் காட்டி.

“ஒரு நிமிஷம் நின்னு பாருடா. அப்புறம் சாவு.”

“உன் வெளிச்சம் நிக்கச் சொல்லுது. அவனுங்க எங்க நிக்க விடறானுங்க?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வெளிச்சத்தை எடுத்துவிட்டு ஆடிப் பார்த்தான். அறுபது, துளி பிசகில்லை. வெறும் கொட்டகைக்குள் பன்னிரண்டு பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு வெளியே வந்தான். மறுபடி உள்ளே போகத் தோன்றவில்லை. வெளிச்சத்தைத் திரும்பப் போட்டு, எதிரிகளில் எட்டுப் பேரை நீக்கினான். நாற்பத்தைந்து வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பன்னிரண்டு பேரையும் எழுதியவர் முதலாளி. ‘நம்ம பசங்க’ என்றுதான் சொல்லுவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நாலு மணிக்கு அறுபது எழுந்து நின்றான். “சார், ஆளைக் குறைங்க. வெளிச்சத்தைக் குறைக்காதீங்க.”

“அறுபது வருதா?”

“வரல சார். நாப்பத்தஞ்சுதான். பரவால்ல.”

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அலுவலகம் அதுவரை கேட்டதில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்துகொண்டாள்.

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தாமே ஆட உட்கார்ந்தார். கிடங்குக்குள் நுழைந்து முதல் ஆளைச் சுட்டார். குறி தப்பிச் சுவரில் பட்டது. வெயில் ஒரு கோடாகக் காலடியில் விழுந்தது. அவர் இன்னொரு ஓட்டை போட்டார். பிறகு வேண்டுமென்றே மூன்று. சுட வேண்டிய ஆட்களை மறந்து சுவரோரமாகவே நடந்தார். அவருடைய பசங்களில் ஒருவன் சாவகாசமாகப் பின்னால் வந்து முதுகில் சுட்டான். திரையில் அவருடைய ஆள் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் வெயில் தெரிந்தது.

“செத்துட்டீங்க சார்,” என்றான் அறுபது.

“தெரியுது. கொஞ்சம் இருப்பா,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.