வெள்ளிமலை மேடையில் மாப்பிள்ளை பார்த்தது

ஜெயப்பிரகாஷ் ஆறடி உயரம். அவன் பட்ட கஷ்டமெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடத்து இசை டீச்சர் செந்தமிழ்ச்செல்வி ஒரு சாக்ஸபோன் குழு ஆரம்பிக்க நினைத்தபோது, கல்யாண பேண்டு செட்டில் பின்வரிசையில் நின்று ஊதிக்கொண்டிருந்த மூன்று பேரைப் பிடித்து வந்தார். நாலு அளவு சாக்ஸபோனில் பகலவனுக்கு ஆல்டோ கொடுத்தார். அய்யப்பனுக்கு டெனர் கொடுத்தார். சின்னதாய் நேராய் இருக்கும் சோப்ரானோவைத் தனக்கு வைத்துக்கொண்டார். மிச்சமிருந்தது பாரிடோன். பம்புசெட்டுக் குழாயை வளைத்து மினுக்கி வைத்ததுபோல அவ்வளவு பெரிசு. டீச்சர் மூன்றாவது ஆளை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் ஒசரமா இருக்கிற" என்றார். தீர்ந்தது விஷயம்.

பேண்டு செட்டின் வழக்கம் வேறு. அங்கே பத்துப் பேர் நின்றாலும் பத்துப் பேரும் பாட்டைத்தான் வாசிப்பார்கள். ஒருவன் மறந்தால் இன்னொருவன் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். டீச்சர் அந்தப் பேச்சே கூடாது என்றுவிட்டார். ஒரு பாட்டை எடுத்து நாலாகப் பிரித்து, நாலு பேருக்கும் நாலு தாளில் ஸ்வரம் எழுதித் தருவார். ஜெர்மனியில் மாதா கோயிலுக்கென்று எவரோ எழுதியதையும் பிரிப்பார், அமெரிக்கக்காரனின் ஜாஸையும் பிரிப்பார், கல்வராயன் மலையில் சாமை அறுக்கும்போது பாடுகிற பாட்டையும் பிரிப்பார். எப்படிப் பிரித்தாலும் பாட்டு சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் போய்விடும். டெனருக்கு நடுவில் நாலு சங்கதி விழும். ஜெயப்பிரகாஷின் தாளில் ச, ப, ச, ப என்று இருக்கும். டீச்சருக்கு மனசு இளகிய நாளில் ஒரு ம இருக்கும்.

"ரேஷன் கடையில கூட இதவிட ஜாஸ்தி போடுவாங்க டீச்சர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"நீ அடியில நிக்கிறதாலதான் அவங்க மேல ஆட முடியுது. கொறைவா நெனைக்காத."

"நெனைக்கல டீச்சர்" என்றான். நினைத்தான்.

பகலெல்லாம் கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுவதும், சாயங்காலம் ச, ப வாசிப்பதுமாக அவன் காலம் இப்படியே போயிருக்கும். அதற்குள் ஒரு பெண் இடம் வந்துவிட்டது.

பெண் மலர்விழி. ஊர் வடக்கனந்தல், வேலை கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில். தரகர் அரங்கநாதன் போட்டோவைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஜெயப்பிரகாஷ் அவளை டவுன் பஸ்ஸில் பார்த்திருக்கிறான். நல்ல மழை. ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. கண்டக்டர் முயன்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் எழுந்து சோற்று டப்பாவால் நாலு போடு போட்டாள்; ஷட்டர் இறங்கியது. உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே இவன் கதை முடிந்துவிட்டது.

"இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா நான் சாமியாரா போயிடுவேன்" என்று அம்மாவிடம் சொன்னான்.

"அப்ப டிராக்டர யாரு ஓட்டறது?" என்று கேட்டாள் அம்மா. பெற்ற வயிறு.

அரங்கநாதன் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். "பொண்ணோட அப்பா அம்மாசி, கரும்பு வெட்ற ஆளுங்களுக்கு மேஸ்திரி. ரொம்ப கண்டிசனான மனுசன். பையன் ஊதறத நேர்ல பாக்காம பேச்சே இல்லன்ட்டாரு. வெள்ளிமலை கோடை விழாவுல நீங்க வாசிக்கிறீங்கன்னு சொன்னேன். விழா பாக்க வர்றா மாதிரி குடும்பத்தோட வராராம்."

"வரட்டுங்க."

"வரட்டுங்களா? மூணு பேரு பாட்டு வாசிச்சிக்கினு இருக்க, நீ மட்டும் பூம் பூம்னு நின்னியானா அவரு இன்னா நெனைப்பாரு? இவனுக்குத் தொழில் தெரியல, ஆள் கணக்குக்கு நிறுத்தி வெச்சிருக்காங்கன்னுதான் நெனைப்பாரு. அவ்ளோதான் சொல்லுவேன்."

அவ்வளவு போதாதா? விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை முடிந்ததும் ஜெயப்பிரகாஷ் டீச்சரிடம் போய் நின்றான்.

"டீச்சர், சாமை அறுக்கிற மலைப்பாட்டுல ஒரே ஒரு வாட்டி பாட்டை நான் வாசிக்கிறேனே."

"நீ மேல வந்துட்டா அடியில யாரு நிக்கிறது?"

"அய்யப்பன் நிக்கட்டும்."

"டெனர் அவ்ளோ கீழ எறங்காது."

"என் கல்யாண விசயம் டீச்சர்."

"தெரியும். நல்லபடியா முடியும். நீ ச-வ மட்டும் நீட்டாம வாசி, இன்னிக்குக் கூட நீட்டிட்ட."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். வெளியே வரும்போதே ஜெயப்பிரகாஷ் முடிவு செய்துவிட்டான். மேடையில் தானாகவே மேலே போய்விடுவது. ஆயிரம் பேர் முன்னால் டீச்சர் என்ன காதைத் திருகவா போகிறார்?

மறுநாள் காலை, குழுவின் வேன் வருவதற்கு முன் கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்து மலைப்பாட்டின் முதல் வரியைப் பழகினான். நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியைத் தொடுவதற்குள் வேன் வந்துவிட்டது. மாதக்கணக்காகக் காதில் விழுகிற பாட்டுதானே, மீதி தானாக வந்துவிடும் என்று நினைத்தான். தானாக வரும் என்று உட்கார்ந்தவன் எவனுக்கும் எதுவும் வந்ததில்லை. ஆசைப்பட்டவனிடம் போய் இதை யார் சொல்வது?

வெள்ளிமலையில் நல்ல கூட்டம். முன்னால் கல்வராயன் மலை ஊர்ப் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி வரிசையில் அரங்கநாதன், அவர் பக்கத்தில் தோளில் துண்டோடு அம்மாசி, அடுத்து அவர் மனைவி இருசம்மாள், கடைசியில் மலர்விழி. அம்மாசி மேடையில் மற்ற மூவர் பக்கமும் திரும்பவேயில்லை. வைத்த கண் வாங்காமல் ஜெயப்பிரகாஷின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மன் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர், மைக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆரம்பியுங்கள் என்று குரல் கொடுத்தார். ஜாஸ் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் கும்பிடு போட்ட பிறகு கை தட்டினார்கள். மூன்றாவது மலைப்பாட்டு.

முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் ஜெயப்பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனான். பாரிடோனில் அந்தப் பாட்டு, எருமை பேச ஆரம்பித்தது போலிருந்தது. அடி காணாமல் போனதும் அய்யப்பனுக்குத் தாளம் தப்பிவிட்டது, நிறுத்தினான். பகலவன் நாலு ஸ்வரம் தாக்குப்பிடித்துவிட்டு நிறுத்தினான். டீச்சர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு இவனைப் பார்த்தார். எட்டாம் வகுப்புக்கென்று அவர் தனியாக வைத்திருக்கும் பார்வை அது.

மைதானத்தில் இவன் ஒருவன்தான் ஊதிக்கொண்டிருந்தான். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி வரவில்லை. விரல் தானாகப் போகும் என்று காத்திருந்தான். விரல் அவனுக்காகக் காத்திருந்தது. போச்சுடா சாமி, மானம் போச்சு, மலர்விழியும் போச்சு என்று வாத்தியத்தை இறக்கினான்.

அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மொத்தமாக இரண்டாவது வரியைப் பாடினார்கள்.

சாமை அறுப்புப் பாட்டுக்கு அங்கே முறையே அதுதான். ஒருத்தி முதல் வரியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்ச வரியை வயலில் இருக்கிற மற்றவர்கள் எடுப்பார்கள். அவளே இரண்டையும் பாடினால், நாங்களெல்லாம் எதற்கு வந்தோம் என்று கோபம் வந்துவிடும். சோப்ரானோவும் ஆல்டோவும் இரண்டு வரியையும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தவரை, இது வேறு யாருக்கோ வாசிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் ஒருத்தன் முறையாக நிறுத்தினான்.

பாடுகிற குரல் காதில் விழுந்ததும் ஜெயப்பிரகாஷின் விரல் பழக்கதோஷத்தில் ச, ப என்று அடியில் போய் நின்றுகொண்டது. அய்யப்பனுக்கு உயிர் வந்தது. பகலவன் சேர்ந்தான். வேறு வழியில்லாமல் டீச்சரும் சேர்ந்தார். வரி முடிந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் இவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "உம், போடு!"

தனக்குத் தெரிந்த ஒரே வரியை மறுபடி போட்டான். மைதானமே பதில் பாடியது. அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்த விட்டால்தானே?

மேடைக்குப் பின்னால் டீச்சர் கேட்டார்: "யார கேட்டு மேல போன?"

"தப்புதான் டீச்சர். மன்னிச்சிடுங்க."

டீச்சர் நாலு தாளையும் முட்டியில் வைத்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். "மொத வரி இனிமே ஒனக்கு. ரெண்டாவது வரி எங்க யாருக்கும் வேணாம், ஜனம் பாடட்டும்" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.

கீழே பலகாரக் கடையில் இவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது மலர்விழி தனியாக வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு ரெண்டாவது வரி தெரியாதுதானே?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாம். ஊரே கை தட்டிவிட்டது, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? சோற்று டப்பாவால் ஷட்டரை இறக்கியவளிடம் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

"தெரியாதுங்க. உங்கப்பாவுக்காகத்தான் மேல போனேன்."

"கட்டிக்கப் போறது எங்கப்பாவா?"

இவன் கையிலிருந்த பஜ்ஜியை அவசரமாக விழுங்கினான்.

"நீங்கதான் குழுவுக்கே தலைவரு, வேணும்னே நிறுத்தினீங்கன்னு தரகர் எங்கப்பாகிட்ட அளந்து வுட்டுக்கினு இருக்கிறாரு. எங்கக்கா கல்யாணத்துக்கும் இப்படித்தான் அளந்தாரு. நீங்களே போய் உள்ளத சொல்லிடுங்க."

"அவரு வேணான்ட்டாருன்னா?"

"எனக்குப் புடிச்சிருக்குது. அதனாலதான் சொல்லுங்கன்றேன்."

ஜெயப்பிரகாஷ் போனான். கால் போனது என்று சொல்ல வேண்டும். மலர்விழி பின்னாலேயே வந்தாள். அம்மாசி குழுவின் வேன் பக்கத்தில் அரங்கநாதனோடு நின்றிருந்தார். அரங்கநாதன் கண்ணைக் காட்டினார், இருமினார், கடைசியில் காலைக்கூட மிதித்தார். அதையெல்லாம் பாராமல் இவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். தலைவர் இல்லை, கடைசி ஆள். வேண்டுமென்று நிறுத்தவில்லை, பாட்டு தெரியாது. தன் தாளில் இருப்பது ச, ப.

அம்மாசி அரங்கநாதனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மொத வரியே தெரியாதுப்பா" என்றார். "நான் இன்னா பாட்டு கேக்கவா மலையேறி வந்தேன்? பெரியவளுக்குப் பாத்தப்பவும் தங்கமான பையன்னுதான் இவரு சொன்னாரு. தாலி கட்றப்பதான் எங்களுக்குச் சாராய வாடை தெரிஞ்சுது. அவ இப்ப என் வூட்லதான் கெடக்கிறா. அவ்ளோ பெரிய குழாய ஒருத்தன் ஊதறான்னா அவன் நெஞ்சு சுத்தமா இருக்கணுமேன்னு தோணுச்சு. அதான் பாக்க வந்தேன். அங்கேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியல. கிட்ட வா."

இவன் கிட்டப் போனான்.

"குனி. ஊது."

ஜெயப்பிரகாஷ் குனிந்து, பாரிடோனுக்குக் கொடுக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதினான். அம்மாசியின் துண்டு தோளிலிருந்து சரிந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு வாட்டி" என்றார்.

ஊதினான்.

"வெங்காய பஜ்ஜி" என்றார் அம்மாசி. அவர் கண் நிறைந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "போய் அம்மாவக் கூட்டிக்கினு வா. சம்மந்தம் பேசணும்" என்றார்.