மாடிக்குப் போன பந்து

ஃபர்கலிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அலெக்சாண்ட்ரியாவின் மீனவர் சந்தில் ஈரல் வறுத்து விற்கிறவன், சந்துக் கால்பந்து அணிக்கும் அவன்தான் கேப்டன். நோன்பு மாதப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு ஹைஸம் வருவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். எந்த ஹைஸம்? சின்ன வயசில் இதே சந்தில் பந்து உதைத்துவிட்டுப் போய், இன்று ஐரோப்பாவே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற அதே ஹைஸம்தான்! யாராவது நம்புவார்களா?

வந்தே விட்டான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு கறுப்புக் காரில் வந்து இறங்கினான். சந்தே அல்லோலகல்லோலப்பட்டது.

எதிரணிக் கேப்டன் தசூக்கி மட்டும் மூக்கைச் சுளித்தான். "சந்துக்காரன்தான் ஆடணும்னு சட்டம். இவன் விருந்தாளி. எப்படிய்யா உங்காளு ஆவான்?"

"எங்காளுதான்டா!" ஃபர்கலி எகிறினான். "இல்லேன்னு ஆச்சுன்னா கோப்பையை நீயே தூக்கிட்டுப் போ!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே சந்தேகம் வந்தது. வந்ததும் ஹைஸம் கைகொடுத்து, "நல்லா இருக்கீங்களா கேப்டன்?" என்று கேட்டிருந்தான். அந்த மரியாதைதான் உறுத்தியது. சந்துப் பையன் எவன் அப்படிப் பேசுவான்?

பழைய காலுறைகளுக்குள் பஞ்சைத் திணித்து இறுக்கிக் கட்டிய பந்து அது. தோல் பந்தில் பழகிய கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் சமமாக இருந்தபோது, ஹைஸம் ஓங்கி விட்ட உதை கோலைத் தாண்டி, பின்வீட்டுக்கார அம்மா உம்மு ஆதிலின் மொட்டை மாடிக்கே போய்விட்டது.

மாடிக்கு அடித்தவனே ஏறி எடுக்கவேண்டும். அங்கே அதற்கு மேல் சட்டம் கிடையாது.

ஹைஸமோடு காரில் வந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் பதறி ஓடி வந்தார். "ஐயோ, அவரு காலுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க! வேற யாராச்சும் போங்க!"

நாலு பேர் கிளம்பியே விட்டார்கள். தசூக்கி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "போங்கப்பா, போங்க. விருந்தாளிய உபசரிங்க."

ஃபர்கலி அந்த நாலு பேரையும் மறித்தான். ஹைஸம் மாட்டேன் என்றால் மானம் போச்சு, கோப்பையும் போச்சு. இருந்தாலும் சொன்னான்: "ஹைஸம், அடிச்சவன்தான் எடுக்கணும்."

ஹைஸம் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு காலணியைக் கழற்றினான். வாசல் பக்கம் போகவே இல்லை. ஆட்டம் என்றால் உம்மு ஆதில் கதவைப் பூட்டிவிடுவாள் என்பது சந்துக்காரனுக்குத் தெரியாதா? ஜன்னல் விளிம்பில் கால் வைத்து, முதல் பால்கனியைத் தாண்டினான். இரண்டாவது பால்கனியின் இடப்பக்கக் கம்பியைத் தொடாமல் குழாயைப் பிடித்தான். அந்தக் கம்பி அந்தக் காலத்திலிருந்தே ஆடும். ஃபர்கலிக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலே புறாக்கள் படபடத்துக் கிளம்பின. கூடவே உம்மு ஆதிலின் குரல்: "அட பாவிப்பயலே, மறுபடியும் நீயா! உலகமெல்லாம் சுத்தியும் பந்தை நேரா அடிக்கத் தெரியலையா?"

"கால் வழுக்கிருச்சு சித்தி!"

"எப்பவும் இதே பொய்யிடா உனக்கு!"

அவள் அவன்மேல் வீசிய செருப்பு ஒன்று பந்துக்கு முன்னால் பறந்து வந்து கீழே விழுந்தது. ஹைஸம் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். "யோவ் ஃபர்கலி! என்னய்யா வாயப் பொளந்துட்டு நிக்கிற? பந்தைப் புடி!"

ஃபர்கலி பந்தைப் பிடிக்கவில்லை. செருப்பை எடுத்தான். சந்துக்கே காட்டுவதுபோல் உயர்த்திப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தித் தசூக்கியிடம் போனான்.

"விருந்தாளிய எங்கயாச்சும் செருப்பால அடிப்பாங்களாடா?"

தசூக்கி போய், பந்தை எடுத்து வந்து ஆட்டத்துக்கு வைத்தான்.